அப்பாவின் கண்ணாடி என் கைப்பையில் இருந்தது

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஐ.சி.யூ.வுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த சிஸ்டர் அப்பா பெயரைச் சொல்லி, "அவரோட அட்டெண்டர் யாரு? தாத்தா டியூப்பையெல்லாம் பிடுங்குறாரு, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

உள்ளே போனால் அப்பா கட்டிலில் உட்கார்ந்து போர்வை விளிம்பிலிருந்து நூல் உருவிக்கொண்டிருந்தார். இல்லாத நூல். உருவி, நுனியை உதட்டில் வைத்து நனைத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இல்லாத ஊசியில் கோத்தார். திருமங்கலத்தில் ஐம்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவர் அவர். அப்போது வயது 72. கோத்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அளவு ஜாக்கெட் கொண்டாந்தியாம்மா?"

அப்பா என்னை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். 'அம்மா' என்பது கடைக்கு வருகிறவர்களுக்கு.

இது நடந்தது 2019இல். பித்தப்பையில் கல் இருந்து, சீழ் பிடித்து, காய்ச்சலும் வாந்தியுமாக மதுரைக்குக் கொண்டுபோயிருந்தோம். மறுநாளே முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் நாலு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் அப்பா தெளிவாகவே பேசினார். கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார், காபி கேட்டுத் திட்டு வாங்கினார். அதனால் ரெண்டாம் நாள் ராத்திரி பார்த்தது எங்கள் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

அப்படி வருவதுதான் இதன் வழக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மயக்கம் தெளிகிற நேரத்தில் கொஞ்சம் உளறுவது வேறு, அது சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இதுவோ நன்றாகத் தெளிந்து பேசியவரை ஒரு நாள், ரெண்டு நாள் கழித்துப் பிடிக்கும். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள். காலையில் தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்தால் குழம்புவார். டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். காய்ச்சல் முற்றிப் பிதற்றினால் 'ஜன்னி கண்டிருச்சு' என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். மறதி நோய் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். ஜன்னி ஒரே ராத்திரியில் வரும். ஒரே ராத்திரியில் வந்தது என்றால் அதற்கான காரணம் பக்கத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். தேடினால் பல நேரம் கிடைக்கும். இது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று ராத்திரி அப்பாவின் ரெண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். தூங்குவதற்கு ஊசியும் போட்டார்கள். நான் மறுக்கவில்லை. ட்யூபைப் பிடுங்கி ரத்தம் கொட்டினால் என்ன செய்வது என்ற பயம்தான். கட்டியதும் அவர் இன்னும் அதிகமாகத் திமிறினார். இரவு முழுக்க விளக்கு எரிந்தது, பக்கத்துக் கட்டில் மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. நல்ல மனுஷனை அங்கே மூன்று நாள் படுக்க வைத்தாலே பொழுதும் கிழமையும் மறந்துபோகும்.

காலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக உள்ளே போனார்கள். போன ஒவ்வொருவரும் அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "என்னயத் தெரியுதா? நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்." நானும் கேட்டவள்தான். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இதைக் கேட்காத ஆள் இல்லை. குழம்பிக் கிடக்கிறவருக்கு அது பரீட்சை. பதில் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. பயந்துபோய் எதையாவது சொல்கிறார், நாம் வெளியே வந்து அழுகிறோம்.

அத்தை வெளியே வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்ல, வயசானவுகளுக்கு மயக்க ஊசியே ஆகாதுன்னு. புத்தி பேதலிச்சுப்போச்சே." திருப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி, டோஸ் அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று கேஸ் ஷீட்டைக் கேட்டுச் சண்டைக்குப் போனான்.

மூன்றாம் நாள் அப்பா அடங்கிவிட்டார். கூப்பிட்டால் மெல்லக் கண்ணைத் திறப்பார், சரி என்பார், மறுபடி மூடிக்கொள்வார். சாப்பாடு வாயிலேயே நிற்கும். நாங்கள் நிம்மதியானோம். 'ரெஸ்ட் எடுக்குறாரு.' சண்டையில்லை, பிடுங்கல் இல்லை, எல்லாருக்கும் சௌகரியம்.

அன்று சாயங்காலம் வேறொரு நோயாளியைப் பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர் அப்பாவைக் கடக்கும்போது நின்றார். ஆபரேஷன் அன்று இவருக்கு மயக்கம் கொடுத்தவரும் அவர்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, வாரத்தோட நாளைச் சனிக்கிழமையிலேர்ந்து பின்னாடி சொல்லுங்க" என்றார். அப்பா ஆரம்பித்தார். சனி. வெள்ளி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் "வெள்ளி" என்றார் மறுபடியும். அவ்வளவுதான், கண் மூடிக்கொண்டது.

டாக்டர் என்னிடம் திரும்பி, "இவர் ரெஸ்ட் எடுக்கலம்மா. நேத்து இருந்த குழப்பம் இன்னைக்கு அமைதியா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். கத்துகிற நோயாளியை எல்லாரும் கவனிப்பார்களாம். சத்தமில்லாமல் குழம்பிக் கிடக்கிறவரைத் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்களாம். வயதானவர்களிடம் இந்த அமைதியான வகைதான் அதிகம் தப்பிப்போகிறது. கவனத்தை நாலு நொடி பிடித்து நிறுத்த முடியவில்லை என்பதே முக்கிய அடையாளம், ஞாபகம் அதற்கு அடுத்ததுதான் என்றார். கிழமையைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னது அதற்காக.

அப்புறம் வரிசையாகக் கேட்டார். எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை? எனக்குத் தெரியவில்லை, யாரும் கேட்கவே இல்லை. வலிக்கிறது என்று சொன்னாரா? சொல்லவில்லை. ஆனால் அப்பா எப்போது வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்? காது கேட்குமா? இடது காது மந்தம், மெஷின் சத்தத்திலேயே உட்கார்ந்து வந்தது. கண்ணாடி போடுவாரா?

கண்ணாடி. அது என் கைப்பையில் இருந்தது. தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது கழற்றிக் கொடுத்ததை, உடைந்துவிடக் கூடாதே என்று கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். பல் செட் ஒரு எவர்சில்வர் டப்பாவில். கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே புகை. கண்ணும் தெரியாமல், காதும் சரியாகக் கேட்காமல், பல்லும் இல்லாமல் இருந்தவரிடம்தான் நாங்கள் ஆள் ஆளாகக் குனிந்து நான் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியாக, "தூக்க மாத்திரை ஏதும் பழக்கம் உண்டா? இல்ல, தண்ணி?" என்றார். தண்ணி கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். மாத்திரையும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தபோது தம்பி குறுக்கிட்டான். "அக்கா, மெடிக்கல்ல வாங்குவாரே, ராத்திரிக்கு அந்த அரை மாத்திரை." எட்டு வருடமாக, தினமும், அல்பிரஸோலம். பி.பி. மாத்திரையைச் சொன்னோம், சுகர் மாத்திரையைச் சொன்னோம். இது எங்கள் கணக்கில் மாத்திரையே இல்லை, பாக்குப் பொட்டலம் மாதிரி பழகிப்போன ஒன்று. திடீரென்று நிறுத்தினால் மூளை கொந்தளித்துப்போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் குடிக்கிறவர்களுக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அவர் குடிப்பதை மூன்று நாள் மறைத்து, நாலாம் நாள் அழுதுகொண்டே சொன்னார். மானம் போகும் என்று அந்த இடத்தில் மட்டும் மறைக்கக் கூடாது.

ரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள், 122 இருந்தது. 135க்குக் குறையக் கூடாது. பி.பி.க்கு அவர் போட்டுக்கொண்டிருந்த நீர் பிரியும் மாத்திரையும் வாந்தியும் சேர்ந்து இறக்கியிருக்கலாம் என்றார்கள். வயதானவர் திடீரென்று பிதற்றினால் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வீட்டில் இப்போது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி ஆகிவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். சோடியத்தை மெல்ல ஏற்றினார்கள், அவசரமாக ஏற்றினால் அது வேறு ஆபத்து. தூக்க மாத்திரையை அளவோடு திரும்பக் கொடுத்தார்கள். வலிக்கு, அவர் கேட்கிறாரா என்று காத்திருக்காமல், நேரம் வைத்துப் பாராசிட்டமால். எனிமா. மூத்திர டியூபை எடுத்தார்கள். கைக்கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். கண்ணாடியை மாட்டினேன். சுற்றிப் பார்த்தார். "இது எந்த ஊரு பஸ் ஸ்டாண்டு?" என்றார். கண்ணாடி மாட்டிய உடனே தெளிந்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலையில் "ஆத்தா, வீட்டுக்குப் போவமா?" என்றார்.

அதோடு முடியவில்லை. ஊரில் பலர் நினைப்பது மாதிரி டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் பழையபடி என்றால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த அப்பா பார்ப்பதற்குச் சரியாக இருந்தார். ஆளைத் தெரிந்தது, பேச்சுக் கொடுத்தால் பேசினார். மூன்றாவது வாரம் கடையைத் திறந்தார். மெஷினில் உட்கார்ந்தால் கால் தானாக மிதித்தது, பாபினை முன்போலவே பார்க்காமல் மாட்டினார். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பட்டு ஜாக்கெட் துணியை வெட்டினார். மறுநாள் கையைப் பொருத்த எடுத்தபோதுதான் பார்த்தார், ரெண்டும் இடது கை. அளவில் குறையில்லை, வெட்டும் சுத்தம். துணியைத் திருப்பிப் போட்டு வெட்ட மறந்திருக்கிறார். கற்றுக்கொள்ள வந்த பையன்கள் முதல் மாதத்தில் செய்கிற தப்பு. ரெண்டு கைத்துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டார்.

பழகிய வேலை கையில் இருந்தது. மனதில் நிறுத்திக் கணக்குப் போட வேண்டிய வேலை நழுவியது. ஒரே நேரத்தில் ரெண்டு விஷயம் முடியவில்லை. அளவு எழுதும்போது யாராவது பேசினால் எழுதியதை மறந்துவிடுவார். சில்லறை கொடுக்கத் தடுமாறினார். இதைத்தான் மருத்துவத்தில் ஆபரேஷனுக்குப் பிந்தைய அறிவாற்றல் குறைவு என்கிறார்கள். ஜன்னியைப் போல இது கண்ணில் படாது. வீட்டில் இருக்கிறவர்களும், அவரும்தான் உணர்வார்கள். முப்பது நாள் வரை இருப்பதைத் 'தாமதமான தேறுதல்' என்றே வகைப்படுத்துகிறார்கள், அதாவது வர வேண்டியது வந்துகொண்டிருக்கிறது என்ற கணக்கு. அதற்கு மேலும் நீடித்தால் வேறு பெயர்.

அத்தை சொன்னது வெறும் பயம் இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1955இலேயே பெட்ஃபோர்ட் என்ற டாக்டர் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழில் இதை எழுதியிருக்கிறார். முழு மயக்கத்தில் ஆபரேஷன் ஆன, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 1193 பேரைப் பார்த்திருக்கிறார். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளே மாறிவிட்டார் என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை அவர் காதுகொடுத்துக் கேட்டதிலிருந்துதான் அந்த வேலையே தொடங்கியது. 1998இல் பல நாடுகளின் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, அறுபது வயதைத் தாண்டிய 1218 பேரைச் சோதித்தன. ஒரு வாரம் கழித்து சுமார் 26 சதவீதம் பேருக்கும், மூன்று மாதம் கழித்து சுமார் 10 சதவீதம் பேருக்கும் குறைவு தெரிந்தது. ஆபரேஷனே ஆகாத அதே வயதுக்காரர்களிடம் அது 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. முதலில் நான் பார்த்தது அந்த 26ஐ. பயந்தேன். அப்புறம்தான் 26 பத்தாக இறங்கியதைக் கவனித்தேன். பெரும்பாலானவர்கள் திரும்பி வருகிறார்கள்.

மயக்க மருந்தேதான் காரணமா என்பதில் எனக்குப் பழைய கோபம் இப்போது இல்லை. மூச்சு வழியாகக் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் மூச்சு வழியாகவே வெளியேறிவிடுகிறது. ஆனால் உடம்பை அறுத்தால் உடம்பு முழுக்க ஒரு அழற்சி எழும்புகிறது, அந்தச் சூடு மூளைக்கும் போகிறது. இளம் வயதில் மூளை அதைத் தாங்கிக்கொள்ளும். எழுபதில், சேமிப்பு குறைந்த வீட்டில் திடீர்ச் செலவு வந்த மாதிரி ஆகிவிடும். அதோடு தூக்கமின்மை, வலி, சோடியம், மாத்திரைகள் எல்லாம் கூட்டுச் சேர்கின்றன. ஏற்கெனவே லேசான மறதி இருக்கிறவர்களுக்கு இன்னும் எளிதாக வருகிறது.

அப்பா திரும்பி வந்ததற்கு மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. தூக்க மாத்திரையை ஒரு மனநல மருத்துவரின் யோசனைப்படி, அரையைக் காலாக்கி, காலை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, சில மாதங்களில் நிறுத்தினோம். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கொடுக்கிற தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை வீட்டைவிட்டே ஒழித்தேன். வயதானவர்களுக்கு அவை மூளையை மந்தமாக்கக்கூடியவை என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். காலையில் நடை. துணிக்குப் பதில் தினமும் செய்தித்தாளில் ஜாக்கெட் வெட்டினார். முன்பாகம், பின்பாகம், கை, பட்டி என்று வெட்டித் தரையில் பரப்பி வைப்பார், நான் வேலை விட்டு வந்ததும் இடது வலது சரியா என்று பார்ப்பேன். யாருக்கு யார் பரீட்சை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும், சிரித்துக்கொள்வார். மூன்றரை மாதம் கழித்துத்தான் பட்டுத் துணியைத் தொட்டார்.

இடையில் ஒன்று. டிஸ்சார்ஜ் ஆகிப் பத்தாம் நாளே தம்பி ஒரு பத்திரத்தைப் பதிவு செய்ய அப்பாவை அழைத்துப்போக வந்தான். அவன் பங்குக்கான நியாயமான விஷயம்தான், கெட்ட எண்ணம் இல்லை. வேண்டாம், பொங்கல் கழியட்டும் என்று நிறுத்திவிட்டேன். பெரிய வாய்த்தகராறு. அந்த நேரத்தில் போட்ட கையெழுத்து பிற்பாடு எல்லாருக்கும் தலைவலி. டி.வி.எஸ். 50 சாவியையும் அதுவரை நான்தான் வைத்திருந்தேன், அதற்குத்தான் அப்பா என்னிடம் அதிகம் கோபப்பட்டார்.

2023இல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. வயது 76. நடுவில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் ஊசி போட்டுச் செய்யச் சொல்லுங்கள், முழு மயக்கம் வேண்டவே வேண்டாம் என்று அத்தை, தம்பி, மதினி எல்லாரும் போனில் ஒரே குரல். முதுகில் ஊசி போட வேண்டுமானால் அந்த மாத்திரையை நிறுத்திச் சில நாள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுத்தண்டுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து என்றார் டாக்டர். இடுப்பு முறிந்தவரை வலியோடு நாள்கணக்கில் படுக்கப்போட்டால் அதுவே ஜன்னிக்கு வழி. ரெண்டு நாளுக்குள் செய்வதுதான் நல்லது.

நான் முழு மயக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், நாலு வருடமாகப் படித்ததிலிருந்துதான். இதே கேள்வியை, இதே இடுப்பு முறிவில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 1600 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். ஜன்னி வந்தது ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 20 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எந்த ஊசி என்று ஊரே கூடி விவாதிக்கிறோம், கண்ணாடி எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த முறை மஞ்சப்பையில் எல்லா மாத்திரை அட்டையையும் போட்டு எடுத்துப்போனேன், வாயால் சொல்லவில்லை. கால் வலிக்கு அவர் வாங்கிய சூரணம் உட்பட. போன தடவை நடந்ததை ஒரு தாளில் எழுதி, ஃபிட்னஸ் பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர் கையில் கொடுத்தேன். டெலிரியம் ஒரு தடவை வந்தவர் என்று தெரிந்தால் அவர்கள் திட்டமே மாறுகிறது. ஆபரேஷனுக்கு முன் பதற்றம் தணிக்கக் கொடுக்கும் ஊசியைத் தவிர்த்தார். முதல் நாளே தொடை மடிப்பில் நரம்பைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு வலியைக் குறைத்தார். ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அப்பா வட்டம் போட்ட அழகைப் பார்த்து, "என்ன ஐயா, காம்பஸ் வச்சீங்களா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்கு முன் மூளை எப்படி இருந்தது என்று ஒரு பதிவு வேண்டும், அப்புறம் ஒப்பிட அதுதான் உதவும்.

பட்டினி விஷயத்திலும் கேட்டேன். போன தடவை ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை, தியேட்டருக்குள் போகும்போது மறுநாள் மத்தியானம். வெறும் தண்ணீரை ரெண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பதுதான் பொதுவான விதி. ஆனால் இதை நாமாகச் செய்யக் கூடாது, அந்த டாக்டரிடம் கேட்டுத்தான்.

கண்ணாடி, பல் செட் ரெண்டிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி சிஸ்டரிடம் கொடுத்தேன். கண் திறந்ததும் மாட்டிவிட வேண்டும் என்று ரெண்டு தடவை சொன்னேன், நச்சரிக்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஒரு தினசரி காலண்டரையும் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு போனேன். காலையில் தாளைக் கிழிக்கிற வேலை அப்பாவுக்கு. ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைக்கக் கேட்டோம், முழுசாக அணைக்கவில்லை, அவர் கட்டில் மேல் இருந்ததை மட்டும் அணைத்தார்கள். மறுநாள் காலையிலேயே மூத்திர டியூபை எடுத்துவிட்டு, மத்தியானம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டேன். யாரும் நான் யார் என்று கேட்கக் கூடாது. போனதும், "அண்ணே, நான் உங்க தங்கச்சி வந்திருக்கேன், இன்னைக்கு வியாழக்கிழமை, நாம மதுரை ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். அவர் எதையாவது மாற்றிச் சொன்னால் வாதாடக் கூடாது. அத்தை இதைப் பாடம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தார். அப்பா, "எனக்கென்ன கிழமை கூடவா தெரியாது?" என்று கடுப்பானார்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் கொஞ்சம் நழுவினார். "கடையப் பூட்டியாச்சா? மழை வருது" என்றார். வெளியே மழை இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. பூட்டியாச்சுப்பா, ஆஸ்பத்திரியில இருக்கோம், இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சது என்றேன். டூட்டி டாக்டரிடம் உடனே சொன்னேன், சோடியமும் ஆக்ஸிஜனும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. வலி மாத்திரை நேரம் தவறியிருந்தது. கொடுத்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், தூங்கிவிட்டார்.

நாங்கள் கவனித்ததால்தான் இந்த முறை தப்பித்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். போன தடவை உடம்பில் சீழும் காய்ச்சலும் இருந்தன, இந்தத் தடவை இல்லை. ஆனால் 1999இல் ஷரோன் இனோயி என்ற அமெரிக்க டாக்டரின் குழு, எழுபதைத் தாண்டிய 852 உள்நோயாளிகளை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறது. ஆபரேஷன் நோயாளிகள் இல்லை, பொது வார்டுக்காரர்கள்தான். கண்ணாடி, காது மெஷின், தண்ணீர், நடை, தூக்கம், பேச்சுத்துணை, இவ்வளவுதான். ஜன்னி வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினார்கள். எந்த மாத்திரையும் இல்லாமல்.

மூன்றாம் நாள் காலை. அப்பா காலண்டர் தாளைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், மறுபக்கம் அளவு எழுதலாமாம். பி.பி. பார்க்க ஒரு சின்ன வயசு சிஸ்டர் வந்தாள். அவள் குனிந்து பட்டையைச் சுற்றும்போது அப்பா அவள் தோளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி, "அம்மா, தோள்பட்டை அரை இஞ்சு இறங்கியிருக்கே. யாரு தைச்சது?" என்றார்.

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. 2019இல் கேட்ட அதே குரல். எழுந்து பக்கத்தில் போய் அந்தப் பெண்ணின் யூனிஃபார்மைப் பார்த்தேன். தையல் தோளைத் தாண்டிக் கைக்கு வந்திருந்தது. அரை இஞ்சுதான்.

"ரெடிமேடு, தாத்தா" என்றாள் அவள்.

"அதான பாத்தேன்" என்றார் அப்பா.